பேரப் பயிற்சிக்கு யாரைக் கூப்பிடுவது? திருப்பூர் மெர்ச்சண்டைசிங் அறையிலிருந்து ஒரு பார்வை

ஒரு டி-ஷர்ட்டுக்கு 2.80 டாலர் எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் 50,000 பீஸ். மாலை ஆறு மணிக்கு, ஆடையை வாங்கும் வெளிநாட்டுப் பையரிடமிருந்து இரண்டே வரியில் மெயில் வருகிறது: டார்கெட் 2.65, இன்றைக்குள் உறுதி செய்யவும். பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர், காஸ்டிங் ஷீட் என்கிற செலவுக் கணக்கைத் திறந்து பார்க்கிறார். பத்தாவது நிமிடம் பதில் போய்விடுகிறது: எங்களால் முடிந்த கடைசி விலை 2.75.

அந்தப் பத்து நிமிடத்தில் போனது ஐந்து சென்ட். 50,000 பீஸுக்கு 2,500 டாலர். டாலர் 85 ரூபாய் என்று போட்டாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. ஆறு சதவீத லாபத்தில் ஓடும் ஆர்டர் என்றால் ஒரு பீஸில் நமக்கு நிற்பதே 17 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஐந்து போயாயிற்று. போனதைவிட, பதிலுக்கு எதுவுமே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கும். டெலிவரியைப் பத்து நாள் தள்ளிக் கேட்டிருக்கலாம். இரண்டு கலரை ஒன்றாக்கச் சொல்லியிருக்கலாம். 90 நாள் பேமெண்ட்டை 60 ஆக்கக் கேட்டிருக்கலாம். ஒன்றும் கேட்காமல் இறங்கினால், 2.75 கடைசி விலை இல்லை என்பது எதிரில் இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும். மறுநாள் காலை 2.70 கேட்டு அடுத்த மெயில் வரும்.

இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் நிறுவனங்கள் பேரப் பயிற்சியைத் தேடுகின்றன. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா போட்ட கூடுதல் வரி மொத்தம் 50 சதவீதம் ஆனபோது, 'இந்தச் சுமையில் உங்கள் பங்கு எவ்வளவு?' என்ற பையர்களின் கேள்வி திருப்பூரில் பல மெர்ச்சண்டைசர்களின் மேசைக்கு வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. நூல் விலையை மில்கள் மாதத் தொடக்கத்தில் அறிவிக்கின்றன. ஆடை விலையோ பல மாதங்களுக்கு முன்பே டாலரில் முடிவாகியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பேசுகிறவர்தான் மெர்ச்சண்டைசர். இருபத்தைந்து வயதில், ஃபேஷன் டெக்னாலஜி படித்துவிட்டு வந்து, கோடிக்கணக்கான ரூபாய் ஆர்டரை ஒரு மெயில் பெட்டியில் வைத்துக் கொண்டிருக்கிறவர். அவருக்கு யாரை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்பது சின்ன முடிவு இல்லை.

முதல் தடவை நான் தவறாகத்தான் தேர்ந்தெடுத்தேன். கோவையில் ஒரு ஹோட்டல் அரங்கு, இரண்டு நாள், முப்பது பேர். வந்த பயிற்சியாளர் அருமையாகப் பேசினார். பழைய கார் ஒன்றை வாங்குவதும் விற்பதும் போல ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தார். எல்லோரும் உற்சாகமாக விளையாடினார்கள். முடிவில் கொடுத்த கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டவர்களே அதிகம். அடுத்த வாரம் நம் அறையில் அதே இரண்டு வரி மெயில், அதே பத்து நிமிடப் பதில். பயிற்சியாளரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பணம் எந்த இடத்தில் கசிகிறது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இத்தனைக்குப் பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: விலைப்பட்டியல் அனுப்புவதற்கு முன் நம் பழைய பேரங்களைக் காட்டச் சொல்லிக் கேட்கிறவரைக் கூப்பிடலாம். கேட்காதவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் கொஞ்சம் நிதானித்துக்கொள்ளலாம்.

அதனால் முதல் வேலை நம்முடையது. போன சீசனில் முடித்த பத்து ஆர்டர்களை எடுத்து மேசையில் வையுங்கள். முதலில் கொடுத்த விலை, முடிந்த விலை, இடையில் எத்தனை தடவை இறங்கினோம், ஒவ்வொரு இறக்கத்துக்கும் என்ன வாங்கினோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நாள் வேலை. கசிவு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். சிலருக்கு விலையில் பிரச்சினையே இருக்காது. சாம்பிள் ஒப்புதலைப் பையர் மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு டெலிவரித் தேதியை மட்டும் மாற்ற மாட்டேன் என்கிறபோது பேசத் தெரியாமல், சரக்கை விமானத்தில் அனுப்பி, ஏர் ஃப்ரைட்டில் பணத்தைக் கொட்டியிருப்பார்கள். சிலருக்குப் பையரிடம் வாய் நன்றாக இருக்கும். துணிக்குச் சாயம் போடும் டையிங்காரரிடமும் நூல் ஏஜெண்டிடமும் தோற்றுப்போவார்கள். விற்கிற பக்கத்துப் பேரமும் வாங்குகிற பக்கத்துப் பேரமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு. அந்தத் தாள் கையில் இல்லாமல் எந்தப் பயிற்சி நிறுவனத்துடன் பேசினாலும், அவர்கள் கையில் தயாராக இருப்பதை வாங்கிக்கொண்டு வருவோம், அவ்வளவுதான்.

சந்தையில் என்னென்ன கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது உதவும். அமெரிக்காவில் செஸ்டர் கராஸ் 1968-இல் தொடங்கிய நிறுவனம் இந்தத் தொழிலின் மூத்த பெயர்களில் ஒன்று. அவர் விமானத் துறை நிறுவனமான ஹியூஸில் பேரம் பேசும் வேலை பார்த்தவர். கொள்முதல் ஒப்பந்தங்களின் வாசனை அந்த வழியில் இருக்கும். ஸ்காட்லாந்தில் 1975-இல் உருவானது ஸ்காட்வொர்க். 'இதைத் தந்தால் அதைத் தருகிறோம்' என்று ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வதைப் படிப்படியாகப் பழக்குவது அவர்களின் பலம். ஹார்வர்டில் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-இல் முன்வைத்த அணுகுமுறை வேறு திசை: எதிரில் இருப்பவர் கேட்கிற எண்ணைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டாமல், அந்த எண்ணுக்குப் பின்னால் அவருக்கு என்ன தேவை என்று தேடு, இந்தப் பேச்சு முறிந்தால் உனக்கிருக்கும் சிறந்த மாற்று வழி எது என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள். 'பாட்னா' (BATNA) என்று பயிற்சி வகுப்புகளில் புழங்கும் சொல் அந்த மாற்று வழியைக் குறிப்பதுதான். நம் நாட்டின் ஐஐஎம்களில் நடக்கும் மேலாளர் வகுப்புகளில் இந்தச் சிந்தனையின் தாக்கத்தைப் பார்க்கலாம். அப்புறம், அமெரிக்க எஃப்பிஐ-யில் பணயக்கைதிகளை மீட்கப் பேச்சு நடத்திய கிறிஸ் வாஸ் போன்றவர்களின் வழி. எதிராளியின் சொல்லையே திருப்பிச் சொல்லி அவரை மேலும் பேசவைப்பது போன்ற நுட்பங்கள் வீடியோ காலில் நன்றாகவே பலிக்கும். ஆனால் கடத்தல்காரனோடு அடுத்த சீசனுக்கும் வியாபாரம் செய்யப் போவதில்லை. ஒரே பையரோடு பதினைந்து ஆண்டு ஓட வேண்டிய நமக்கு அதை முழுப் பாடத்திட்டமாக எடுத்துக்கொள்வது சரிப்படாது என்பது என் கருத்து.

நான் அதிகம் மதிப்பது இங்கிலாந்தின் நீல் ராக்கம் வழியை. அவரும் ஜான் கார்லைலும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த பேரக்காரர்கள் 48 பேரை உண்மையான 102 பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்து கவனித்துக் கணக்கெடுத்தார்கள். 'தேர்ந்தவர்' என்று யாரை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் முக்கியம். இரு தரப்பும் அவரைத் திறமையானவர் என்று மதிக்க வேண்டும். நீண்ட நாள் வெற்றி இருக்க வேண்டும். அவர் முடித்த ஒப்பந்தங்கள் நடைமுறையில் முறிந்துபோயிருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் பேசியதில் 21.3 சதவீதம் கேள்விகள். சராசரி ஆட்களிடம் அது 9.6 தான். 'நாங்கள் நியாயமான விலைதான் சொல்கிறோம்', 'இது ரொம்பத் தாராளமான சலுகை' என்பது போல எதிராளியை எரிச்சல்படுத்தும் சொற்களைச் சராசரி ஆட்கள் மணிக்கு 10.8 தடவை சொன்னார்கள், தேர்ந்தவர்கள் 2.3 தடவை. இன்னொன்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது: ஒரு கோரிக்கைக்குத் தேர்ந்தவர்கள் அடுக்கும் காரணங்கள் குறைவு, சராசரியாக 1.8, மற்றவர்கள் 3 காரணம் சொல்கிறார்கள். நம் மெயில்களை எடுத்துப் பாருங்கள். நூல் விலை ஏறிவிட்டது, கூலி ஏறிவிட்டது, மின்கட்டணம் ஏறிவிட்டது, டையிங் ஏறிவிட்டது என்று நான்கு காரணம் இருக்கும். பையர் அதில் மிகவும் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 2003-இல் ஜேனிஸ் நாட்லரும் லீ தாம்சனும் மற்றொருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று பேரம் கற்பிக்கும் நான்கு முறைகளை ஒப்பிட்டது. கொள்கைகளை மட்டும் படித்தவர்கள் பெரிதாக முன்னேறவில்லை. திறமையானவர்கள் பேரம் பேசுவதைப் பார்த்தவர்களும், இரண்டு வெவ்வேறு கதைகளை ஒப்பிட்டுப் பொதுவானதைக் கண்டுபிடித்தவர்களும் முன்னேறினார்கள். அதிலும் பார்த்துக் கற்றவர்களுக்குச் செய்ய வந்ததே தவிர, எதைக் கற்றோம் என்று வாயால் சொல்ல வரவில்லை. எனவே வகுப்பு முடிந்ததும் வைக்கும் எழுத்துத் தேர்வை நம்ப வேண்டியதில்லை. எத்தனை ஸ்லைடு என்று எண்ணாமல், எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் எத்தனை தடவை பேரம் பேசிப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விக்குச் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. முப்பது பேர் என்றால் பதினைந்து ஜோடி. ஒரு பயிற்சியாளர் ஒவ்வொரு ஜோடியையும் பத்து நிமிடம் கவனித்துக் கருத்துச் சொன்னால் ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம். சாப்பாடு, தேநீர் போக ஒரு நாளில் இரண்டு சுற்று நடந்தால் அதிசயம். பன்னிரண்டு பேர் என்றால் ஆறு ஜோடி, ஒரு மணி நேரம். நான்கு சுற்று போகும். தலைக்கு எவ்வளவு என்று பார்த்து முப்பது பேரை அடைப்பது மலிவாகத் தெரியும், ஆனால் அங்கே நாம் வாங்குவது ஒரு சொற்பொழிவு.

மொழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது பெரிய விஷயம். பயிற்சி ஆங்கிலத்தில் மட்டும் நடந்தால் ஆங்கிலம் சரளமாக வருகிற நான்கு பேர் அறையை எடுத்துக்கொள்வார்கள். காஸ்டிங்கில் கெட்டிக்காரர்களான மற்றவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாம் முறை நாங்கள் தேடிப்பிடித்தவர் வேறு மாதிரி. வருவதற்கு முன் பெயர்களை அழித்த பதினைந்து மெயில் உரையாடல்களை வாங்கிப் படித்தார். மூன்று மெர்ச்சண்டைசர்களோடும் கொள்முதல் பார்ப்பவரோடும் போனில் பேசினார். முதல் பயிற்சியையே தமிழில் வைத்தார். அவரே நூல் ஏஜெண்டாக நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்.

"ஏனுங்க, போன மாசம் எடுத்த பில்லுக்கே இன்னும் பணம் வரலைங்க. இந்த மாசம் ரேட்டக் கொறைங்கன்னா எப்படிங்க?" என்றார் அவர்.

அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்தது. "வெள்ளிக்கிழமை பணத்தைப் போட்டு விட்டர்றோங்க. போட்டா கிலோவுக்கு எவ்வளவு கொறைப்பீங்க?"

பயிற்சியாளர் அங்கேயே நிறுத்திவிட்டார். அந்த வாக்கியத்தைப் போர்டில் எழுதச் சொன்னார். "இதே வாக்கியத்தை இப்போது பையருக்கு ஆங்கிலத்தில் மெயிலாக எழுதுங்கள்" என்றார். பன்னிரண்டு பேரும் எழுதினார்கள். முக்கால்வாசிப் பேரின் மெயிலில் 'போட்டா' என்ற அந்த நிபந்தனை காணாமல் போயிருந்தது. மன்னிப்பும் நன்றியும் தள்ளுபடியும் மட்டும் இருந்தன. தமிழில் வாயில் இருக்கிற திறமை ஆங்கில மெயிலுக்குப் போகும்போது எங்கே கழன்று விழுகிறது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

முதலாளிகள் சிலர், 'பேரம் பேச நமக்கா சொல்லித்தர வேண்டும்?' என்பார்கள். அது ஒரு வகையில் நியாயம்தான். கண்ணபுரம், அந்தியூர் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை முடிப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்ப்பக்கம் இது. ஆனால் சந்தையில் எதிராளியின் முகம் தெரியும், கை தெரியும், மாடு கைமாறியதும் கணக்கு முடிந்தது. இங்கே முகம் இல்லை, மெயில்தான். அதே ஆளிடம் அடுத்த சீசனும் போய் நிற்க வேண்டும். விலையோடு டெலிவரி, பேமெண்ட், அளவு, கலர், தரத் தள்ளுபடி எல்லாம் ஒரே நேரத்தில் மேசையில் கிடக்கும்.

முதலாளி விஷயத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மெர்ச்சண்டைசர் இரண்டு வாரம் பிடித்து வைத்த விலையை, பையர் முதலாளிக்கு நேரடியாகப் போன் செய்து ஐந்து நிமிடத்தில் குறைத்துவிடுவார். 'பழைய உறவு, விடுங்க' என்று முடிந்துவிடும். பையரும் பழகிக்கொள்வார்: கீழே பேசுவது வெறும் சடங்கு, மேலே ஒரு போன் போதும். இந்த நிறுவனத்துக்கு எந்த ஊர் நிபுணரைக் கூட்டி வந்தாலும் பயனில்லை. எவ்வளவு வரை இறங்கலாம், அதற்குக் கீழே யார் முடிவு செய்வது, போன் வந்தால் முதலாளி என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பயிற்சிக்கு முன்பே பேசி முடிவாக வேண்டும். நல்ல பயிற்சியாளர் இதைத் தானாகவே எழுப்புவார்; முதலாளியும் அரை நாளாவது உட்கார வேண்டும் என்று கறாராகக் கேட்பார். கேட்டால் கோபப்படாதீர்கள், அவர் வேலை தெரிந்தவர். அதேபோல, மொத்த உற்பத்தியில் முக்கால் பங்கு ஒரே பையருக்குப் போகிறது என்றால், மாற்று வழி கையில் இல்லாத அந்த நிலையை வகுப்பறை சரிசெய்யாது. அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறவரிடம் பணம் கொடுக்கலாம்.

நம் சட்டமும் நம் தொழிலும் அவருக்குத் தெரியுமா என்று சோதிக்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: சப்ளையரிடம் பேமெண்ட் நாளை நீட்டிக் கேட்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே கொண்டுவருகிறவர் '90 நாள் கேளுங்கள், அது செலவில்லாத சலுகை' என்பார். இங்கே 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதமானால் அந்தச் செலவை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்று 2023 நிதிச் சட்டம் ஒரு விதியையும் சேர்த்தது. நம்முடைய நிட்டிங், டையிங், பிரிண்டிங் ஜாப் ஒர்க் யூனிட்களில், அதாவது கூலிக்கு வேலை செய்து தருபவற்றில், பல இந்த வகைக்குள் வருபவை. இது தெரியாமல் சொல்லித்தரும் தந்திரம் நம் ஆடிட்டரிடம் போய் நிற்கும்.

விலைப்பட்டியலைப் பார்க்கும்போது தொகையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா, பயணமும் தங்கலும் தனியா, நம் மெயில்களைப் படித்து நமக்கென்று கேஸ் (பயிற்சிக்கான மாதிரிப் பேரம்) எழுதுவதற்கு எவ்வளவு, பிறகு வந்து பார்ப்பது உள்ளடங்கியதா என்று பிரித்து வாங்குங்கள். விற்க வருபவர் ஒருவராகவும் வகுப்பெடுக்க வருபவர் வேறொருவராகவும் இருப்பது இந்தத் தொழிலில் சகஜம். அதனால் பயிற்சியாளரின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. காஸ்டிங் ஷீட்டும் பையர் மெயிலும் வெளியே போகிற விஷயம் என்பதால் ரகசியக் காப்பு ஒப்பந்தம் கட்டாயம்; பையரோடு நாம் போட்டிருக்கும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெரு நிறுவனத்துக்கும் அவரே பயிற்சி கொடுப்பவராக இருக்கலாம். பரிந்துரை கேட்டால் ஹெச்ஆர் நம்பரைத் தருவார்கள். ஆறு மாதத்துக்கு முன் பயிற்சி எடுத்த ஒரு டீம் தலைவரின் நம்பரைக் கேளுங்கள். 'இப்போது என்ன வேறு மாதிரி செய்கிறீர்கள்?' என்று ஒரே கேள்வி போதும்.

முடிவு செய்ய முடியாமல் இரண்டு பேர் மிஞ்சினால், இருவருக்கும் ஒரே பழைய பேரத்தைக் கொடுத்து, அரை நாள் காசு கொடுத்தே முன்னோட்டம் வையுங்கள். இலவச டெமோவில் அவர்களுடைய சிறந்த கதையைத்தான் காட்டுவார்கள். நம் கேஸை வைத்து நடத்தும்போதுதான் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எதைக் கவனிக்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறாரா என்பது புரியும்.

நாள் குறிப்பதில் ஒரு வார்த்தை. ஷிப்மெண்ட் நெருக்கடியில் வைத்தால் எல்லோர் கண்ணும் போனில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆறு நாள் உழைத்தவர்களின் ஓய்வை எடுத்துக்கொண்டு அவர்களை அக்கறையோடு கற்கச் சொல்வது நியாயம் இல்லை. இரண்டு நாளைத் தொடர்ந்து வைக்காமல் மூன்று வார இடைவெளி விட்டுப் பிரித்தால், நடுவில் ஒரு நிஜப் பேரத்தைச் செய்துவிட்டு வந்து பேச முடியும்.

பலனை எப்படி அளப்பது? டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே பயிற்சியை நான்கு படியில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பயன் வந்ததா. முதல் படியோடு நின்றுவிடுவதுதான் பொதுவாக நடக்கிறது, நானும் அப்படித்தான் நின்றேன். கடைசிப் படியை விலையை மட்டும் வைத்து அளந்தால் தப்பாகிவிடும். நூலும் டாலரும் ஏறி இறங்கும்போது அந்த எண்ணும் ஆடும். மூன்றாவது படியை எண்ணுவது எளிது. தொடக்கத்தில் எழுதிய அந்தத் தாளையே மூன்று மாதம் கழித்து வேறு பத்து ஆர்டர்களுக்கு எழுதுங்கள். பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் எத்தனை தடவை இறங்கினோம், விலை சொல்வதற்கு முன் எத்தனை கேள்வி கேட்டோம், பேமெண்ட் நாள் எத்தனை ஆர்டரில் குறைந்தது. இந்த மூன்று எண்களையும் பயிற்சியாளருக்கு முன்கூட்டியே காட்டி, இதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். கட்டணத்தில் ஒரு பகுதியை அந்த மூன்றாம் மாதச் சந்திப்புக்குப் பிறகு தருவதாக எழுதிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு வந்தவர் அதற்குத் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

இப்போது எங்கள் அறையில் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மதியம் ஒரு மணி நேரம், நடந்துகொண்டிருக்கும் ஒரு ஆர்டரின் மெயிலைத் திரையில் போடுகிறோம். நூல் ஏஜெண்டிடம் பேசிய அந்தப் பெண்தான் பல நாள் பையராக உட்காருகிறது.